அவர் பெயரில் ஒரு தையல் மெஷின்

எனக்குத் திருமணமாகி நான்காவது மாதம், ஒரு சனிக்கிழமை காலை, பழைய சைக்கிளில் ஒருவர் வந்து, என் கணவர் வாங்கிய தையல் மெஷினுக்குப் பதினோரு தவணை பாக்கி என்றார். எங்கள் வீட்டில் தையல் மெஷினே இல்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். ஒரு அறை, ஒரு சமையலறை, கிணற்றடியில் பாதி உரிமை. முன்கட்டில் வீட்டுக்கார அக்கா. என் கணவர் நகரத்தில் மத்திய அரசின் கணக்கு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. தினமும் காலை எட்டு மணி மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுவார். நான் அந்த ஜூன் மாதம்தான் பக்கத்தில் இருந்த மிஷன் பெண்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்திருந்தேன். இரண்டு சம்பளம் வருகிற வீடு என்று தெருவில் எங்களுக்குக் கொஞ்சம் மரியாதை இருந்தது.

வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். ஒடிசலான உடம்பு, சட்டைப் பையில் இரண்டு பேனா, கக்கத்தில் ஒரு ரெக்ஸின் பை. வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, "சார் வூட்ல கீறாரா?" என்று கேட்டார். அவர் கடைக்குப் போயிருக்கிறார் என்றேன். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, அதிலிருந்த பெயரையும் இனிஷியலையும் உரக்கப் படித்து, "சாரு பேரு இதானே?" என்றார். பெயரும் சரி, இனிஷியலும் சரி. அந்தக் காலத்தில் நாங்கள் கணவன் பெயரை வாயால் சொல்ல மாட்டோம். தலையை மட்டும் ஆட்டினேன்.

"பதினஞ்சு ரூபா தவணம்மா. பதினோரு மாசமா வரலை. நூத்தி அறுபத்தஞ்சு. இன்னைக்கு ஒரு ரெண்டு தவணையாச்சும் குடுத்தா ஆபீஸ்ல சமாளிச்சுக்குவேன்."

"நாங்க மெஷின் எதுவும் வாங்கலையே" என்றேன்.

"நீங்க இல்லம்மா. சாரு வாங்கிக்கீறாரு. ரெண்டு வருசம் ஆவுது." காகிதத்தை என் பக்கம் திருப்பி விரலால் காட்டினார். தட்டச்சில் இருந்த ஒரு வரி: 'பொருள்: தையல் மெஷின் ஒன்று. மனைவியின் உபயோகத்துக்காக.'

அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். இரண்டு வருடத்துக்கு முன்பு என்னை அவருக்குத் தெரியாது, அவரை எனக்குத் தெரியாது. எங்களுடையது பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம். பார்த்தது ஒரு நாள், சர்ச்சில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தது மூன்று ஞாயிறு, அப்புறம் கல்யாணம். அதற்கு முன் ஆறு வருடம் அவர் இந்தத் தாம்பரத்தில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தார். அந்த ஆறு வருடத்தைப் பற்றி நான் கேட்டதில்லை, அவர் சொன்னதும் இல்லை. அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல.

அவர் காய்கறிப் பையோடு திரும்பி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் சிரித்தார்.

"ஆள் மாறி வந்திருக்கீங்க. நான் எந்த மெஷினும் வாங்கலை."

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்வாங்கோ" என்றார் வந்தவர். குரலில் கோபம் இல்லை, சலிப்புதான் இருந்தது. "ஃபாரத்துல கீற தெருவுல இருந்த வூட்டைக் காலி பண்ணிட்டீங்கோ. தபால்காரரைக் கேட்டேன். இந்தப் பேர்ல இப்ப இந்த ஏரியாவுல நீங்க ஒருத்தர்தான் கீறீங்கன்னு சொன்னாரு."

என் கணவரின் பெயர் வேதாகமத்திலிருந்து வைத்த பெயர். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதை எடுத்துச் சொன்னார். தவணைக்காரர் கேட்டுக்கொண்டார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், அடுத்த சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு என் கணவர் வெண்டைக்காயை முறத்தில் கொட்டிக்கொண்டே, "நல்ல வேடிக்கை" என்றார். 'மனைவியின் உபயோகத்துக்காக' என்ற வரியை அவர் படித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் தவணைக்காரர் வந்தார், அதற்கடுத்த சனிக்கிழமையும். வாசலில் சைக்கிள் மணி அடித்தாலே கதவைப் பாதி சாத்திவிடுவேன். அவர் கத்த மாட்டார், திட்ட மாட்டார். நின்றுகொண்டிருப்பார், அவ்வளவுதான். தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்கள். மூலையில் இருந்த மளிகைக் கடைக்காரர், மாதக் கணக்கு எழுதிச் சாமான் கொடுத்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள் என்னிடம், "டீச்சர், இந்த மாசத்துலேர்ந்து கைக்காசு குடுத்து வாங்கிக்கங்களேன்" என்றார். முகத்தில் சிரிப்பு மாறாமல் சொன்னார். சோப்புக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவமானத்தில் நின்றேன்.

வீட்டுக்கார அக்கா கிணற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதம்மா. ஆறு வருஷம் தனியா இருந்த ஆம்பளை. மெஷின் ஒண்ணும் ஊசி நூல் இல்லையே, காணாமப் போறதுக்கு. எங்கேயோ ஒரு வீட்டுல ஓடிக்கிட்டுதானே இருக்கும்? எதுக்கும் விசாரிச்சு வச்சுக்கோ."

அன்று அவர் அலுவலகத்திலிருந்து வருவதற்கு முன் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். இதை எழுதும்போதும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஊரிலிருந்த தங்கைகளுக்கு அனுப்பிய மணியார்டர் ரசீதுகள் வருடவாரியாக நூலில் கட்டியிருந்தன. மெஸ் பில்கள், ஒரு பழைய ஞானப்பாட்டுப் புத்தகம், பரீட்சைக்குப் படித்த கணக்குப் புத்தகங்கள். பெண்ணின் கையெழுத்தில் ஒரு காகிதம் கூட இல்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒளித்து வைக்கத் தெரிந்தவர் பெட்டியிலா வைப்பார் என்று மனசு அடுத்த படிக்குப் போய்விட்டது.

அவர் ஒரு சனிக்கிழமை சைதாப்பேட்டைக்கு, அந்த மெஷின் கம்பெனியின் அலுவலகத்துக்கே போய்விட்டு வந்தார். வரும்போது முகம் சிவந்திருந்தது.

"ஃபாரத்தைக் காட்டச் சொன்னேன். காட்டினான். தமிழ்ல கையெழுத்துப் போட்டிருக்கு. நான் எங்கேயும் இங்கிலீஷ்லதான் போடுறேன், ஆபீஸ் அடையாளச் சீட்டைப் பாருங்கன்னு எடுத்து வச்சேன். அந்த மானேஜர் என்ன கேட்டான் தெரியுமா? 'ஏன் சார், உங்களுக்குத் தமிழ் எழுத வராதா?'ங்கறான்."

நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். "நீ நம்புறியா, இல்லையா?" என்று திடீரென்று கேட்டார்.

"நம்புறேன்" என்றேன். ஆனால் சொல்வதற்கு ஒரு நொடி தாமதமாகிவிட்டது. அந்த ஒரு நொடியை அவர் கவனித்துவிட்டார்.

பத்து நாளில் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. பதினைந்து நாளுக்குள் பாக்கியைக் கட்டாவிட்டால் வழக்குப் போடுவோம், அலுவலக மேலதிகாரிக்கும் எழுதுவோம் என்று இருந்தது. வழக்கைவிட அந்தக் கடைசி வரிக்குத்தான் அவர் பயந்தார். அரசு ஊழியர் கடன்காரர் என்று பெயர் எடுத்தால் நடத்தை விதிகளின்படி விளக்கம் கேட்பார்கள். அவருக்குப் பதவி உயர்வு வரவேண்டிய நேரம். "பேசாம நூத்தி அறுபத்தஞ்சைக் கட்டித் தொலைச்சிடலாமா?" என்று ஒரு நாள் கேட்டார். உடனே அவரே, "கட்டினா நான் வாங்கினேன்னு ஆயிடும்" என்றும் சொன்னார். கட்டினால் அந்த மனைவியும் உண்மையென்று ஆகிவிடும் என்பது என் பயம். அதை அவரிடம் சொல்லவில்லை.

அந்த வாரம் பள்ளியில் ஆய்வுக்கு வருகிறார்கள் என்று சொல்லி, சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து வந்தவர்கள் போனவர்கள் பட்டியல் எழுதும் வேலையைத் தலைமையாசிரியை என்னிடம் கொடுத்தார். பெரிய பழுப்பு நிறப் பதிவேடு. மாணவியின் பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர், தொழில், விலாசம், மாற்றுச் சான்றிதழ் வாங்கிய காரணம் எல்லாம் வரிசையாக இருக்கும். ஸ்கேல் வைத்து வரி வரியாக இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு வரியில் ஸ்கேல் நின்றுவிட்டது.

தகப்பனார் பெயர் என்ற இடத்தில் என் கணவரின் பெயர். அதே இனிஷியல். தொழில்: தோல் கிடங்கில் கணக்கு எழுதுபவர். விலாசம்: எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஒரு வருடத்துக்கு முன் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள். காரணம்: பம்மலுக்குக் குடிபெயர்ச்சி. ஓரத்தில் பம்மல் விலாசத்தையும் யாரோ பென்சிலில் எழுதி வைத்திருந்தார்கள்.

ஒரு காகிதத்தில் அதைக் குறித்துக்கொண்டேன். பள்ளிக்காகப் பெற்றோர் கொடுத்த விலாசம் அது. கடன்காரரைப் பிடிக்க அதை எடுப்பது சரியா என்று அன்று நான் யோசிக்கவில்லை. பின்னால் யோசித்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தொழில் வேறு, ஆள் வேறு என்று பதிவேடு சொன்னது. ஆனால் பள்ளியில் தொழிலை மாற்றிச் சொல்லத் தடையா என்ன என்று உள்ளே ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த ஆளின் முகத்தை என் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது.

சனிக்கிழமை, பள்ளியில் வேலை என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பல்லாவரம் வரை ரயில், அங்கிருந்து பம்மலுக்குப் பஸ். அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே தோல் பதனிடும் கிடங்குகளின் வாடை மூக்கைத் தாக்கியது. முந்தானையால் மூடிக்கொண்டு நடந்தேன். எதிரே வந்த பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "புச்சா வந்துகினு கீற போல. ரெண்டு நாள்ல பழகிடும்" என்றாள் ஒருத்தி.

வரிசை வீடுகளில் நான்காவது. கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து தையல் மெஷின் ஓடும் சத்தம் வந்தது. வாசலில் நின்று யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டுமென்றால் என் கணவர் பெயரைத்தான் சொல்ல வேண்டும். மெஷின் நின்றது. ஒரு பெண் எழுந்து வந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"பிளவுஸா?" என்று கேட்டார்.

"இல்ல. நான் தாம்பரம் ஸ்கூல் டீச்சர். உங்க பொண்ணு அங்கே படிச்சாளில்ல..." என்று இழுத்தேன்.

"ஐயோ, டீச்சரா, உள்ளே வாங்க!" என்று ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். உட்கார்ந்ததும் என் கண் சுவரைத்தான் தேடியது. கல்யாணப் புகைப்படம் மாட்டியிருந்தது. அந்தப் பெண்ணும், பக்கத்தில் கோட்டு மாட்டிய ஒருவரும். உருண்டை முகம், முன்வழுக்கை, தடித்த மீசை. என் கணவர் இல்லை. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் இல்லை. நான் சிரித்துவிட்டேன். கூடவே கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. அவர் பயந்துபோய், "என்ன டீச்சர், உடம்பு சரியில்லையா?" என்று தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். தவணைக்காரர், நோட்டீஸ், மளிகைக் கடை, எல்லாம். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. எழுந்து போய் மெஷினின் இழுப்பறையைத் திறந்து ஒரு அட்டையைக் கொண்டு வந்தார்.

"பாக்கியே இல்லையே டீச்சர். போன மாசத்துக்கு முந்தின மாசத்தோட முடிஞ்சு போச்சே. இதோ பாருங்க."

தவணை அட்டை. இருபத்து நாலு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் தேதி, பதினைந்து ரூபாய், பக்கத்தில் ஒரே மாதிரி இரண்டெழுத்துச் சுருக்கொப்பம். ஒரு கட்டம் கூடக் காலியில்லை.

அவர் சொன்னது இதுதான். தாம்பரத்தில் இருந்தபோது பதிமூன்று தவணை கட்டினார்கள். பம்மலுக்கு வந்த பிறகும் அப்போதிருந்த தவணைக்காரன், வயதில் சின்னவன், இங்கேயே வந்து மாதாமாதம் பணம் வாங்கி அட்டையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு போனான். கடைசித் தவணையன்று மிட்டாய் கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவருடைய கணவருக்கு இங்கே கிடங்கில் வேலை போய், இப்போது வாணியம்பாடியில் இருக்கிறார். மாதம் ஒரு முறைதான் வருவார். கடைசி ஆறு தவணையும் அந்த அம்மா தைத்த காசு.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சின்னவன் கம்பெனியில் புது விலாசத்தைச் சொல்லவே இல்லை. 'வீட்டைக் காலி செய்துவிட்டார்கள், தேடிக்கொண்டிருக்கிறேன்' என்று எழுதிவிட்டுப் பதினோரு தவணையையும் பையில் போட்டுக்கொண்டான். அவன் வேலையை விட்டுப் போனதும் புதிதாக வந்தவர் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்.

"இந்த வீட்டு விலாசத்தை அவங்ககிட்ட குடுக்கப்போறீங்களா டீச்சர்?" என்று அந்த அம்மா கேட்டார். கை மெஷினின் மேல் இருந்தது. "மெஷினைத் தூக்கிட்டுப் போயிடுவாங்களே."

அதற்காகவும்தான் நான் வந்திருந்தேன். விலாசத்தைக் கொடுத்துவிட்டால் எங்கள் தொல்லை அன்றோடு தீரும். அந்த அம்மாவின் பெண், பத்து வயதுக்காரி, வாசல்படியில் உட்கார்ந்து பொத்தான்களை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். "வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் அவரிடம் சொன்னேன். முதலில் சந்தோஷப்பட்டார். அப்புறம், "ஸ்கூல்ல வேலைன்னு சொல்லிட்டுத்தானே போனே? ஏன் என்கிட்ட சொல்லலை?" என்றார்.

இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "அது நீங்கதானோன்னு பயந்தேன்" என்றேன்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இரண்டு நாள் சாப்பாடு, குளியல், ரயில் தவிர வேறு பேச்சில்லை. நான் அழுது பார்த்தேன். அவர் கோபமாகக்கூட இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. மூன்றாம் நாள் மாலை ஷூவைக் கழற்றிக்கொண்டே, தரையைப் பார்த்தபடி, "அந்த அட்டை முழுசா நிறைஞ்சிருந்துதா? ஒவ்வொரு கட்டத்துலயும் கையெழுத்து இருந்துதா?" என்று கேட்டார்.

"இருந்தது."

"பின்பக்கம் என்ன அச்சடிச்சிருக்கு?"

நான் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு, கோவில் முடிந்ததும், இரண்டு பேருமாகப் பம்மலுக்குப் போனோம். அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் ஐந்து விதிகள் இருந்தன. மூன்றாவது விதி: 'ஒவ்வொரு தவணைக்கும் எங்கள் ஊழியரின் கையொப்பத்தை இந்த அட்டையிலேயே பெற்றுக்கொள்ளவும்.' அதைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்ததை நான் இன்றும் மறக்கவில்லை. கணக்கு அலுவலகத்துக்காரர் அல்லவா, அவருக்கு ஒரு விதி போதும்.

அட்டையைக் கையை விட்டுக் கொடுக்க அந்த அம்மா தயங்கினார். அதுதான் அவரிடம் இருந்த ஒரே சாட்சி. அப்போதெல்லாம் நகல் எடுக்கும் மெஷின் எங்கே இருந்தது? நான் உட்கார்ந்து இருபத்து நாலு கட்டத்தையும் கோடு போட்டு அப்படியே கையால் எழுதினேன். மறுநாள் என் கணவர் அந்த அம்மாவையும் அட்டையையும் தன் அலுவலகத்துக்கே அழைத்துப்போய், மேலதிகாரியிடம் காட்டி 'உண்மை நகல்' என்று முத்திரை வாங்கினார். எந்த மேலதிகாரிக்குக் கடிதம் போய்விடுமோ என்று பயந்தாரோ அவரிடமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவர் படித்துப் பார்த்து, "விடாதே" என்றாராம்.

கம்பெனிக்குக் கடிதமும் அவரே எழுதினார். அவருடைய ஆங்கிலம் அப்படி ஒரு ஆங்கிலம். ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டிருந்தார். இரண்டு கடிதங்கள். ஒன்று, நான் அந்த ஆள் இல்லை என்று. இன்னொன்று, அந்த ஆள் உங்களுக்குக் கடன்பட்டவர் இல்லை என்று. இரண்டிலும் கீழே ஒரே பெயர். இரண்டாவது, கையெழுத்துக்காக வாணியம்பாடிக்குப் போய் வந்தது.

சைதாப்பேட்டைக்கு ஐந்து பேரும் நேரில் வரச் சொல்லிப் பதில் வந்தது போலத்தான் எங்கள் ஊர்வலம் இருந்தது. உண்மையில் ஒருவரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். நாங்கள் இருவர், பம்மல் அம்மா, வாணியம்பாடியிலிருந்து லீவு போட்டு வந்த அவர் கணவர், கூடவே அவர்கள் பெண். வரிசையாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மானேஜர் உள்ளேயிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். மானேஜர் கண்ணாடியைக் கழற்றி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வாணியம்பாடிக்காரர் வெட்கத்தோடு, "ஃபாரம் என்னுது சார்" என்றார். அதோடு எங்கள் கடன் தீர்ந்தது.

ஆனால் அவருடையது தீரவில்லை. "அட்டையில யாரு வேணா கையெழுத்துப் போடலாம். இது எங்க ஆளு போட்டதுன்னு எப்படி நம்புறது?" என்றார் மானேஜர். என் கணவர் மூன்றாவது விதியைக் காட்டினார். மானேஜர் அதைப் படித்துவிட்டு, எங்களுடைய தவணைக்காரரை உள்ளே கூப்பிட்டார். ரெக்ஸின் பையோடு வந்து நின்றார்.

"இது அவன் கையெழுத்தாய்யா? பார்த்துச் சொல்லு."

அவர் அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பம்மல் அம்மா தன் கணவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அவன் போட்டதுதான் சார்" என்றார் தவணைக்காரர். "எனக்குத் தெரியாதா. என் சம்சாரத்தோட தம்பி. அவன் சொல்லித்தானே எனக்கே இங்க வேலை கெடச்சுது."

மானேஜர் அவரை முறைத்தார். அவர் தலையைக் குனியாமல் நின்றார். இல்லை என்று சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மச்சானைக் காப்பாற்றியது போலவும் இருந்திருக்கும்.

மானேஜர் யாருக்கோ போன் செய்தார். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். கடைசியில் 'முழுத் தொகையும் பெறப்பட்டது' என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் வக்கீல் நோட்டீஸ் செலவென்று பதினைந்து ரூபாய் கேட்டார்கள். என் கணவர், "அது எப்படி? நோட்டீஸே தப்பான ஆளுக்கு வந்தது" என்று மறுபடி எழுந்தார். பம்மல் அம்மா அதற்குள் முந்தானை முடிச்சை அவிழ்த்துவிட்டார். "போதும் சார். குடுத்துட்டுப் போயிடலாம்" என்றார். அந்தப் பதினைந்து ரூபாயை நினைத்து என் கணவர் பல வருடம் பொருமிக்கொண்டிருந்தார்.

தவணைக்காரருக்கு அந்த மாதக் கமிஷனைப் பிடித்துவிட்டார்கள் என்று பின்னால் தெரிந்தது. மறு வருடம் அவரே வேலையை விட்டுவிட்டு, சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் வாடகை சைக்கிள் கடை வைத்தார். அந்த வழியாகப் போனால் நிறுத்தி விசாரிப்பார். பம்மல் அம்மா எனக்குத் தைத்த பிளவுஸ்களுக்குக் கணக்கில்லை. என் பிள்ளைகளின் ஞானஸ்நானச் சட்டைகளும் அவர் கைதான். மளிகைக் கடைக்காரர் மறுபடி கணக்கில் தருகிறேன் என்றார். நான் கைக்காசு கொடுத்தே வாங்கினேன், கடைசி வரை.

அன்று சைதாப்பேட்டையிலிருந்து எல்லோரும் ஒரே ரயிலில் ஏறினோம். பல்லாவரத்தில் அவர்கள் இறங்கிக்கொண்டார்கள். அந்தச் சின்னப் பெண் ரயில் நகரும்வரை பிளாட்பாரத்தில் நின்று கை காட்டினாள். தாம்பரத்தில் இறங்கியதும் பசி தெரிந்தது. ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த ஓட்டலில் மசாலா தோசை சாப்பிட்டோம். வெளியே வந்து நடக்கும்போது, "என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். எத்தனையோ நாளாக வாயில் வைத்திருந்த வார்த்தை.

எதிரே வந்த சைக்கிளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார். "நான் எதையும் சொன்னதில்லை. உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

ரயில்வே கேட் சாத்தியிருந்தது. தெற்கே போகிற நீராவி வண்டி ஒன்று வரவேண்டியிருந்தது. கூட்டத்தோடு நின்றோம். அப்போதுதான் அவர் ஆரம்பித்தார். முதன்முதலில் இந்த ஊருக்கு வந்து இறங்கிய அன்று கையில் எவ்வளவு இருந்தது, எந்தத் தெருவில் அறை கிடைத்தது, கூட இருந்தவர் குறட்டை விட்டதால் மாற்றிக்கொண்டு போன இன்னொரு அறை, மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட்ட முட்டைக் குழம்பு, பெரிய தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போகப் பணமில்லாமல் அலுவலக நண்பரிடம் கைமாற்று வாங்கியது. நான் கேட்காமலே சொல்லிக்கொண்டு போனார். வண்டி வந்து, ஜன்னல் ஜன்னலாக முகங்கள் கடந்து, சத்தம் அடங்கியது. கேட் திறந்ததும் சைக்கிள்காரர்கள் முண்டியடித்தார்கள். தண்டவாளத்தில் என் செருப்பு மாட்டிக்கொள்ளாமல் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு, அவர் இன்னும் பேசிக்கொண்டே வந்தார்.